நான்காவது கோர்

3.9.2012, திங்கள்

மாலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. ஏழு மணிக்குப் போய்விடும். கோயமுத்தூரில் இப்போது நேரம் தெரிந்துகொள்ள யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. இருந்த ஒரு மணி நேரத்தில் இன்று படித்ததை எழுதி வைக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

கடையில் இரண்டு கோர் என்று விற்கப்படும் ஒரு வகை ப்ராசஸருக்குள், அதாவது கணினியின் மூளைக்குள், தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் உண்மையில் நான்கு இருக்கின்றன! தொழிற்சாலையில் எல்லாமே நான்காகத்தான் பிறக்கின்றன. சோதனையில் தேறாத கோரைப் பூட்டிவிட்டு, மிச்சத்தைக் குறைந்த விலைக்கு அனுப்புகிறார்கள். அது நியாயம். ஆனால் குறைந்த விலைச் சரக்குக்குக் கிராக்கி கூடும்போது, நன்றாக வேலை செய்கிற கோரையும் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். ப்ராசஸரைப் பொருத்தும் மதர்போர்டுகள் சிலவற்றில், கணினி கண்விழிக்கும்போது வரும் பயாஸ் திரையில் ஒரே ஒரு வரியை மாற்றினால் பூட்டு திறந்துகொள்கிறது. இணையத்தில் உலகம் முழுக்க ஆட்கள் திறந்து பார்த்து, கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றாக வேலை செய்வதைப் பூட்டி மூலையில் வைப்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான்.

கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தியில் எழுதுகிறேன்.

7.9.2012, வெள்ளி

ரேணுகா கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். பையில் ஒரு டஜன் சப்போட்டா. பிரசாதம் என்றாள். நல்ல பழம்.

எனக்கு எதற்கு நான்கு கோர் என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்டோபர் 28-ஆம் தேதி பம்ப் பொறியாளர் மன்றத்தின் ஆண்டு விழாவில் குழந்தைவேலுவுக்கு வாழ்நாள் சாதனை விருது. அவருடைய போர்வெல் பம்ப்பின் இம்பெல்லருக்காக. நீரைச் சுழற்றித் தள்ளும் அந்தச் சின்ன சக்கரத்துக்கு எழுபத்துநான்கு சதவீதத் திறன் என்று ஒன்பது வருடமாக எல்லா விளம்பரத்திலும் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

2003-இல் நான் ஒரு இம்பெல்லர் வரைந்தேன். என் கணக்குப்படி எழுபத்தாறு. குழந்தைவேலு அதைச் சோதனை மேடையில் ஏற்றி, அறுபத்துநான்குதான் வருகிறது என்று ஓரம்கட்டினார். அடுத்த ஆறு மாதத்தில் தன்னுடையதைக் கொண்டு வந்தார். அதன் இறக்கையின் முன்விளிம்பு வளைவு அப்படியே என்னுடையது. வரைபடத்தில் என் பெயர் இல்லை. ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தவன், அன்றிலிருந்து அவர் முகத்தில் விழிக்கவில்லை.

அவர் ரேணுகாவின் சொந்த அண்ணன் என்பது இதற்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் ரேணுகாவும் ஒன்பது வருடமாக அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் மனம் அறிந்து நடப்பவள்.

அவர்களுடைய பம்ப் ஒன்றை வாங்கி, அறுத்து, இம்பெல்லரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து போன வருடமே கணினியில் ஏற்றிவிட்டேன். நீரோட்டத்தைக் கணக்குப் போடும் கட்டற்ற மென்பொருளும் இருக்கிறது. என் பழைய கணினியில் ஒரு முறை ஓட்ட ஒன்பது நாள் ஆகும், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். நான் வேலை பார்க்கும் என்ஜினியரிங் கல்லூரியில் ஆய்வகத்துச் சாவி பிரின்சிபாலின் மச்சினனிடம் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக ஒரு நோட்டே போடலாம்.

11.9.2012, செவ்வாய்

ஒன்பது மதர்போர்டுகளை ஒப்பிட்டு முடித்தேன். மூன்றில்தான் பூட்டைத் திறக்கும் வரி இருக்கிறது. அதில் ஒன்றில் மின்சாரம் சீராக்கும் பகுதி சுமார் ரகம் என்று ஒரு போலந்துக்காரர் படத்தோடு விளக்கியிருக்கிறார். அடித்துவிட்டேன். ரேம் எட்டு ஜிபி, இரண்டு துண்டாக. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். நானூற்றைம்பது வாட். கூடுதல் குளிர்விப்பான் வாங்கச் சொல்கிறார்கள், வேண்டாம். ப்ராசஸரோடு வருவதே போதும்.

ப்ராசஸரின் உலோக மூடி மேல் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும். எந்த வாரத்துச் சரக்கு நன்றாகத் திறக்கிறது என்று முந்நூறு பேர் எழுதியதைத் தொகுத்து அட்டவணை போட்டேன். மூன்று வாரங்கள் பிரகாசமாக நிற்கின்றன. பதினைந்து வருடமாக இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கட்டம் போட்டதில்லை.

15.9.2012, சனி

காந்திபுரத்தில் பர்வீனின் கடை. நாற்பது வயதுக்குள் இருக்கும். தனியாளாகக் கடையை நடத்துகிறார். நான் கேட்ட ப்ராசஸர் பழைய ஸ்டாக்கில் பதினோரு பெட்டி இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன கண்ணாடி ஜன்னல், அதன் வழியே மூடி தெரியும். வடிவமைப்புப் பிரிவில் நான் பயன்படுத்திய லென்சை எடுத்தேன்.

"சார், நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?"

"ஒரு நிமிசம்மா. வாரம் பாக்கணும்."

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு உத்துப் பாக்க மாட்டாங்க சார். ஜாதகமும் பாத்துருவீங்களா?"

"அதைத்தான் பாக்கறேன்."

எட்டாவது பெட்டி! அட்டவணையில் முதல் இடத்தில் இருந்த வாரம். என் முகத்தைப் பார்த்து பர்வீன் புரிந்துகொண்டார்.

"ஓ, நீங்க அந்தக் கோஷ்டியா? கோர் தொறக்கறவங்களா? சார், ஒண்ணு சொல்லிர்றேன். பெட்டியில ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டுக்குத்தான் நான் பொறுப்பு. அப்புறம் மூணாவது ஓடலை, நாலாவது ஓடலைன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"ஓடும்."

"ஓடட்டும் சார், எனக்கென்ன. ஆனா சில பேருக்கு ஓடற மாதிரியே இருக்கும். அதைப் பாத்துக்கங்க."

கடைக்காரர்கள் எல்லோருக்கும் தத்துவம் பேச வந்துவிட்டது.

19.9.2012, புதன். விநாயகர் சதுர்த்தி

ரேணுகா கொழுக்கட்டை பிடித்தாள், நான் கணினியின் பாகங்களைப் பொருத்தினேன். பத்து மணிக்குக் கரண்ட் வரும் முன்பே எல்லாம் தயார். கேபினெட்டின் ஒரு பக்கக் கதவை மூடவில்லை. மேலே மின்விசிறி, பக்கத்தில் மேசை விசிறி. பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு பீப். அந்தச் சத்தத்துக்கு ஈடான நாதஸ்வரம் கிடையாது.

இன்றைக்கு இரண்டு கோரோடு விட்டேன். விசேஷத்தை ஒரே நாளில் தீர்த்துவிடக் கூடாது.

20.9.2012, வியாழன்

திறந்துவிட்டது! நான்கும்!

பயாஸில் வரியை மாற்றினேன். திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு எழுத்து வந்தது: நான்கு கோர். "ரேணு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சுங்க? ஷாக் அடிச்சிருச்சா?"

"நாலு! பாரு, நாலு!"

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சிரிக்கறீங்க" என்றாள். ஏதோ உடைந்த சாமான் தானாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவள்போல.

ஒரு சின்னக் குறை. பூட்டைத் திறந்ததும் வெப்பநிலை காட்டும் இடத்தில் பூஜ்யம் நிற்கிறது. திறந்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தானாம், சூடு அளக்கும் கருவி வேலை செய்வதை நிறுத்திவிடும். பரவாயில்லை. நான்கு கோர் கிடைத்தவன் தெர்மாமீட்டருக்கு அழ மாட்டான்.

24.9.2012, திங்கள்

சோதனை நடக்கிறது. எல்லாக் கோர்களையும் முழு வேகத்தில் ஓட்டி, ஒரு பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்கிறார்கள். இவர்கள் யாரும் தமிழ்நாட்டில் குடியிருக்கவில்லை. நான் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். கரண்ட் போகிறது. வந்ததும் இன்னொரு மணி நேரம். இதுவரை ஐந்து மணி நேரம். பிழை பூஜ்யம்.

28.9.2012, வெள்ளி

பதினான்கு மணி நேரம் ஆயிற்று. பிழை இல்லை. பன்னிரண்டு கேட்டார்கள், நான் பதினான்கு தந்திருக்கிறேன்.

கோயிலிலிருந்து சப்போட்டா, இரண்டு தேங்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை. எந்தச் சாமி கறிவேப்பிலை பிரசாதம் தருகிறது என்று கேட்கலாம் என்று நினைத்தேன். வேலை இருந்தது.

5.10.2012, வெள்ளி

சோதனை வேறு, கணக்கு வேறு. கணக்கை நடுவில் நிறுத்தினால் கோப்பு கெட்டுவிடுகிறது. முப்பது மணி நேரம் விடாமல் ஓட வேண்டும், மணிக்கு ஒரு முறை கரண்ட் போகிற ஊரில். நான்கு நாளாக ரத்தக் கொதிப்பு.

இன்று மாலை கல்லூரியிலிருந்து வந்தால் கூடத்தில் புத்தம்புது இன்வெர்ட்டர்! பெரிய பேட்டரியோடு!

"சீட்டு எடுத்தனுங்க" என்றாள் ரேணுகா. "உங்க பொட்டி பாதியில நின்னு நின்னு போகுது, உங்க மூஞ்சியப் பாக்க முடியலை."

ரேணுகா சீட்டுப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. சிக்கனக்காரி. பேட்டரியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர், ஏதோ கம்பெனியின் ஸ்டோர் எண். பீளமேட்டு முகவரி. பழக்கமான எழுத்து. சோப்புத் தண்ணீர் போட்டுச் சுரண்டி எடுத்துவிட்டேன். தூசி படியும்.

8.10.2012, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கணக்கைத் தொடங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். ரேணுகாவிடம் தெளிவாகச் சொன்னேன்: கரண்ட் போனதும் மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும், பேட்டரி முழுக்கக் கணினிக்கு மட்டும்.

மாலை வந்தபோது அறை அடுப்படிபோல் இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, பழைய நாளிதழை மடித்துக் கணினிக்கு வீசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பொட்டியத் தொட்டாச் சுடுதுங்க."

"அதெல்லாம் சுடத்தான் செய்யும். நீ ஏன் உக்காந்து வீசற?"

"கை வெக்க முடியலீங்க. காய்ச்சல் கொழந்தையாட்டம்."

திரையைக் காட்டினேன். வெப்பநிலை: பூஜ்யம். "பாத்தியா?" என்றேன். அவள் மறுபடி வீச ஆரம்பித்தாள்.

9.10.2012, செவ்வாய்

அறுபத்தேழு!

மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு முடிந்தது. எழுபத்துநான்கு என்று ஒன்பது வருடமாகப் பீற்றிய இம்பெல்லரின் திறன் அறுபத்தேழு சதவீதம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். அரை நாள் விடுப்பு எடுத்திருந்தது நல்லதாயிற்று, வகுப்பில் இருந்திருந்தால் பையன்கள் பயந்திருப்பார்கள்.

எனக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே தெரியும்.

ரேணுகாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மத்தியானம் ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது.

10.10.2012, புதன்

மன்றத்தின் செயலாளர் ராமபத்திரனுக்குக் கடிதம் எழுதி, கணக்கின் அச்சுப் பிரதியோடு கூரியரில் அனுப்பிவிட்டேன். நான்கு பக்கம். தவறான எண்ணுக்கு விருது கொடுப்பது மன்றத்துக்கு இழுக்கு என்று. விழாவில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்பும் கேட்பேன் என்றும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் மிக நன்றாக அமைந்துவிட்டது. நான்கு முறை படித்துப் பார்த்தேன்.

12.10.2012, வெள்ளி

ரேணுகா இன்று கோயிலுக்குப் போகவில்லை. கேட்டேன். தலைவலி என்றாள்.

17.10.2012, புதன்

விழாவில் காட்ட வண்ணப் படங்கள் வேண்டும். படத்துக்காக அதே கணக்கை மறுபடி ஓட்டினேன். எதையும் மாற்றவில்லை.

எழுபது.

அதே இம்பெல்லர், அதே எண்கள், அதே மென்பொருள். போன வாரம் அறுபத்தேழு, இந்த வாரம் எழுபது. நான்காவது தசமத்தில் மாறலாம். மூன்று சதவீதம் மாறக் கூடாது.

18.10.2012, வியாழன்

ஏதோ கோப்பு கலந்துவிட்டது. வேறொன்றும் இருக்காது.

20.10.2012, சனி

கோப்பு எதுவும் கலக்கவில்லை. மூன்றாவது முறை: அறுபத்தொன்பது.

பர்வீனின் கடைக்குப் போய், சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"எத்தனை மணி நேரம் டெஸ்ட் பண்ணீங்க சார்?"

"பதினாலு."

"விடாமயா?"

"ஒரு மணி நேரம், ஒரு மணி நேரமா."

பர்வீன் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லாததுதான் தாங்க முடியவில்லை.

"அப்ப அது பதினாலு மணி நேரம் இல்லீங்களே சார். ஒரு மணி நேரம், பதினாலு தடவை. நடுவுல ஒவ்வொரு தடவையும் ஆறிருச்சே. ஃபேன் ஓடுச்சா அப்ப?"

"ஓடுச்சு."

"கணக்கு ஓட்டறப்ப?"

எல்லா விசிறியையும் அணைக்கச் சொன்னவன் நான்தான். நீர் இயக்கவியலில் எம்.டெக்., பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். ஒரு மணி நேரத்தைப் பதினான்கால் பெருக்கியிருக்கிறேன்.

"ஓடற மாதிரியே இருக்கும்னு அன்னிக்கே சொன்னேன்ல சார்" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

23.10.2012, செவ்வாய். ஆயுத பூஜை

இரண்டு கோரில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரேணுகா விடவில்லை. கணினியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு கட்டுச் சாமந்தியை வைத்துவிட்டாள்.

"இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுங்க. நாளைக்கு எடுத்துக்குங்க."

"எவ்வளவு பெரிய விசயம் தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

தெரியும் என்று அவள் சொன்ன விதம் நாள் முழுக்கக் காதில் நின்றது. பூஜை முடிந்து பொரியும் கடலையும் தின்றுகொண்டு, பொட்டு வைத்த அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

25.10.2012, வியாழன்

நேற்று விடியற்காலையில் இரண்டு கோரோடு, பரிசோதனைக்குப் போதுமான அளவு குறைந்த கட்டங்களாகப் பிரித்து அதே கணக்கை ஓட்டினேன். இருபது மணி நேரம். எழுபத்துமூன்று புள்ளி எட்டு.

அவர் சொன்ன எண்.

இன்று மூன்றாவது கோரை மட்டும் சேர்த்து, வேண்டுமென்றே எல்லா விசிறியையும் அணைத்து, அறைக் கதவையும் சாத்தி ஓட்டினேன். எழுபத்துமூன்று புள்ளி எட்டு. மூன்றாவது கோர் தங்கம். அதைப் பூட்டியவன் அநியாயக்காரன். நான்காவதைச் சேர்த்துச் சோதனையை விடாமல் ஓட்டியபோது, சரியாக இரண்டு மணி பத்து நிமிடத்தில் பிழை. அதைப் பூட்டியவன் தன் வேலையைச் செய்திருக்கிறான்.

மூன்று கோர் சும்மா இருந்தது. 2003-இல் நான் வரைந்த இம்பெல்லரின் வரைபடம் பீரோவில் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் அதை நான் கணினியில் ஏற்றியதே இல்லை. ஏன் என்று இப்போது என்னைக் கேட்க வேண்டாம். இன்று ஏற்றினேன்.

26.10.2012, வெள்ளி

என் இம்பெல்லர்: அறுபத்தைந்து.

சோதனை மேடையில் அவர் எடுத்த எண் அறுபத்துநான்கு. யாரும் என்னைத் தோற்கடிக்கவில்லை.

கல்லூரிக்குப் போகாமல் நேராக ராமபத்திரன் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "அது அன்னிக்கே குழந்தைவேலு சார்கிட்டப் போயிருச்சுங்களே. பதில் எழுதட்டும்னு அனுப்பிட்டோம்" என்றார். நான்கு பக்கமும். அந்த மூன்றாம் பக்கமும்.

சிங்காநல்லூரில் குழந்தைவேலுவின் வீட்டுக்கு வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. கேட்டுக்கு உள்ளே அந்தச் சப்போட்டா மரம், காய்த்துக் குலுங்கிக்கொண்டு. அதன் நிழலில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது.

"வாங்க மாப்ளை" என்றார். நேற்று மாலை பார்த்துப் பிரிந்தவர்போல. "கரண்ட் இல்லீங்க. உள்ள வெந்து போகும். இப்பிடிக் காத்தாட உக்காருங்க."

நான் உட்காரவில்லை. "லெட்டர் வாங்கிட்டுப் போக வந்தேன். கணக்கு தப்பு. மெஷின் தப்பு. எழுபத்துமூணு புள்ளி எட்டு வருது."

"எழுபத்துநாலு புள்ளி ஒண்ணுங்க" என்றார். "மூணு நாளா டெஸ்ட் பெட்லதான் உக்காந்திருந்தேன். புது இம்பெல்லர் மூணு ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன்."

"எதுக்கு? உங்களுக்குத்தான் தெரியுமே."

"வேற எவனாச்சும் எழுதியிருந்தாக் கிழிச்சுப் போட்டிருப்பனுங்க. தண்டபாணி எழுதறாருன்னா ஏதோ இருக்கும்னு நெனைச்சேன். ரெண்டு நாள் தூங்கலை மாப்ளை, நெசமாச் சொல்றேன்."

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். பூட்டிய கோரைத் திறந்ததைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அதெப்பிடிங்க, மூடி மேல வாரத்தப் பாத்தே கண்டுபிடிக்கலாமா? அட! அட்டவணை வெச்சிருக்கீங்களா?" முன்பு வடிவமைப்புப் பிரிவில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு இப்படித்தான் பேசிக்கொண்டிருப்போம். அதை நான் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒரு மணி நேரம் பதினான்கு தடவை என்பதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். முன்விளிம்பு வளைவு யாருது?"

அவர் சிரிப்பு நின்றது. மரத்தைப் பார்த்தார்.

"உங்களுதுங்க."

"டிராயிங்ல ஏன் பேரில்லை?"

"போட்டிருக்கணும். போடலை. மேலிடத்துல ஒரு பேரு போதும்னு சொன்னாங்க. நான் ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. காரணம் ஒண்ணும் இல்லீங்க மாப்ளை. ஆசைதான்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது வருடம். அவர் கடிதத்தை நீட்டினார். மூன்றாம் பக்கத்தில் அந்த நல்ல வாக்கியத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

28.10.2012, ஞாயிறு

விழாவுக்குப் போனேன். ரேணுகா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். நான் கடைசி வரிசையில், கதவோரம். பிடிக்காவிட்டால் எழுந்து போக வசதியாக.

குழந்தைவேலு விருது வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். காகிதம் எதுவும் வைத்திருக்கவில்லை. இந்த இம்பெல்லரில் பாதி எனக்குச் சொந்தமில்லை என்று தொடங்கினார். "அதோட முன்விளிம்பு வளைவ வரைஞ்சது" என்று சொன்னபோது கரண்ட் போயிற்று.

மைக் செத்தது. இருட்டில் அவர் வாய் அசைந்திருக்கும். முன் இரண்டு வரிசையில் கைதட்டல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதுதான் என் ஜாதகம் என்று எழுந்தேன்.

ஜெனரேட்டர் போட நான்கு நிமிடம் ஆனது. விளக்கு எரிந்தபோது நான் கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்திருந்தேன். அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. "பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. முதல்ல இருந்து சொல்றேன்" என்று வணக்கத்திலிருந்து தொடங்கினார். என் பெயரை முழுசாகச் சொன்னார். தலைகள் திரும்பின. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நான் எப்படித் தெரிந்தேனோ தெரியவில்லை.

ஒன்பது வருடம் தாமதம் என்பதை அவர் சொல்லவில்லை. குறித்து வைக்கிறேன்.

2.11.2012, வெள்ளி

பர்வீனிடம் பெரிய குளிர்விப்பான் வாங்கி மாட்டினேன். நான்காவது கோரைப் பூட்டிவிட்டேன். மூன்று ஓடுகிறது. அறுபத்தைந்து வந்த என் இம்பெல்லரில் எங்கே தவறு என்று இப்போது தெரிகிறது, பின்விளிம்பில்! திருத்திப் போட்டிருக்கிறேன். முதல் சுற்று எழுபத்தொன்றைத் தொட்டது. குழந்தைவேலுவுக்கு ஃபோன் செய்யலாமா என்று யோசித்தேன். திங்கட்கிழமை செய்யலாம். உடனே செய்தால் ஒரு மாதிரி இருக்கும்.

மூன்றாவது கோர் திறந்திருக்கும்வரை வெப்பநிலை பூஜ்யம்தான் காட்டும். அதனால் ரேணுகாவிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, மணிக்கு ஒரு முறை கணினியைத் தொட்டுப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போனேன். கரண்ட் இல்லாதபோது மின்விசிறி ஓடலாம் என்றும் சொன்னேன். பேட்டரி தாங்கும், நல்ல கம்பெனி.

மாலை வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மேசையில் தாள். அவள் எழுத்து:

10 மணி, சூடு இல்லை.
11 மணி, கரண்ட் இல்லை. லேசான சூடு.
12 மணி, சூடு இல்லை.
1 மணி, கரண்ட் இல்லை. கை வைக்கலாம்.
2 மணி, நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்.